மணவறைக்குப் போன ஒட்சிசன் வண்டி

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெண் என் மேசையில் ஒரு நூல் உருண்டையை வைத்தாள். சாக்குத் தைக்கிற சணல் நூல். இடைக்கிடையே முடிச்சுப் போட்டிருந்தது.

“இது வாசல் அகலம் மிஸ். இது படி உயரம். இந்த ரெண்டு முடிச்சு கிட்டக் கிட்ட இருக்கே, அது அப்பா உக்காந்தா தரையில இருந்து முழங்கால். இந்த நீட்டம் கோயில் மண்டபத்து நடை.”

“ஏன், ஊரில் அளவு நாடா இல்லையா?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்திருக்கும். அன்று காலையிலிருந்து எனக்கு எவருடனும் ஒத்துப்போகவில்லை.

“இருக்குங்க. எனக்கு அதுல பார்த்து எழுதத் தெரியாது. தப்பா எழுதிட்டா நீங்க தப்பா செஞ்சிருவீங்க. நூல் தப்பாதுல்ல.”

முப்பது வருடமாக அளந்தே சோறு தின்கிறவளிடம் வந்து அளவு சொல்லிக் கொடுக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவளைப் பிடித்துப்போய்விட்டது. துவாய் ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பட்டறை இருப்பதை முந்திய வாரங்களில் சொல்லியிருக்கிறேன். சில்லு வைத்த வண்டிகள் செய்கிறோம். வைத்தியசாலைக்கு ஸ்கேன் இயந்திரம் ஏற்றும் வண்டி, பாடசாலைக்குக் கணினி ஏற்றும் வண்டி, பல் வைத்தியருக்கு ஆயுத வண்டி. கடையில் ரெடிமேட்டாகக் கிடைக்காத அளவில், கேட்கிறவரின் இடத்துக்கும் உடம்புக்கும் பொருந்துகிற மாதிரி. படம் கீறுவது நான். வெட்டி ஒட்டுவது நிஸாம் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

வந்தவள் பெயர் புவனா. கண்டி டவுனில் ஒரு போன் கடையில் வேலை. வீடு பன்வில பக்கத்துத் தோட்டத்தில். அவளுடைய அப்பாவுக்குச் சுவாசப்பை பழுதாகி, ஒட்சிசன் இயந்திரத்தோடு எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற இயந்திரம் அது. ஐந்து வாரத்தில் புவனாவுக்குக் கல்யாணம். அவர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற அம்மன் கோயில் மண்டபத்தில்.

“அப்பா கையாலதான் என்னையப் புடிச்சுக் குடுக்கணும். அது ஒண்ணுதான் அவருக்கு ஆசை. கிளினிக்ல டொக்டர்கிட்ட கேட்டாச்சு. ரெண்டு மூணு மணித்தியாலம் வெளிய போகலாம், ஆனா மெசின் அவரை விட்டுப் பிரியக்கூடாதுன்னுட்டாரு.”

“அவர் வர முடியாவிட்டால்?”

“சித்தப்பா செய்வாரு. சித்தப்பா நல்லவருதான் மிஸ். ஆனா அந்தப் பேச்சு எடுத்தாலே அப்பா செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு.”

நூலை எடுத்து, முடிச்சு முடிச்சாக நாடாவில் வைத்து அளக்கத் தொடங்கினேன். ஒரு முடிச்சிலும் பிழை இருக்கவில்லை.

தள்ளுகிறவர் யார்?

படவரைவு படித்த நீங்கள் வண்டிக்கு எப்படி வந்தீர்கள் என்று இந்தத் தொடரை வாசிக்கிற ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நல்ல கேள்வி. வண்டிக்கு நான் வரவில்லை, வண்டி என் மேல் ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது பெரிய வைத்தியசாலை ஒன்றில் திருத்த வேலைப் பகுதியில் இருந்தேன். இதயத்துடிப்பைப் பதிவுசெய்கிற இயந்திரத்துக்கு வண்டி ஒன்று கீறச் சொன்னார்கள். நானும் பெரிய ஆராய்ச்சிக்காரி மாதிரி வார்ட்டில் இருந்த தாதிமார் எல்லாரையும் சுவரோடு நிற்கவைத்து உயரம் எடுத்து, சராசரி பார்த்து, கைப்பிடி வைத்தேன். வண்டி வந்தது. எல்லாரும் மெச்சினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மூலையில் நிற்கிறது, மேலே யாருடையவோ குடை.

அந்த வைத்தியசாலை மலைச்சரிவில் கட்டியது. ஒரு வார்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நடைபாதை முழுக்க ஏற்றமும் இறக்கமும். வண்டி தள்ளுவது தாதி இல்லை, சிற்றூழியர். குணே ஐயா என்று ஒரு சிங்களவர். இறக்கத்தில் அவர் வண்டிக்குப் பின்னால் போவதில்லை. முன்னால் போய், வண்டியைப் பார்த்துத் திரும்பி, நெஞ்சால் அதைத் தாங்கிக்கொண்டு பின்பக்கமாக நடப்பார். நான் அழகுக்கு வைத்த தட்டின் மூலை சரியாக அவர் நெஞ்சில் இடிக்கும் உயரம்.

சட்டைப் பொத்தானைக் கழற்றி, கன்றிப்போன இடத்தைக் காட்டினார். கோபப்படவில்லை. சிங்களத்தில் ஒன்றுதான் கேட்டார். “நோனா இதைக் கதிரையில் உட்கார்ந்துகொண்டுதானே கீறினீர்கள்?”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கே அவரோடு நடைபாதை முழுக்க ஏறி இறங்கினேன். அதன் பிறகு வண்டி கேட்டு யார் வந்தாலும், பொருள் என்ன என்று கேட்கும் முன் தள்ளுகிறவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

பாடமெல்லாம் ஒரே தடவையில் படித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தெல்தெனிய பக்கம் ஒரு பாடசாலைக்குக் கணினி வண்டி செய்தோம். வகுப்புக்கு வகுப்பு தள்ளிக்கொண்டு போகலாம், பூட்டலாம், உள்ளேயே சார்ஜ் போடலாம். பூட்டு அவ்வளவு நன்றாக இருந்ததால் அதிபர் அதைத் தன் அறையிலேயே பூட்டி வைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துப் போனபோது மேலே மேசைவிரிப்பு விரித்து, விளையாட்டுப் போட்டிக் கேடயங்களை அடுக்கியிருந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

குணே ஐயாவின் வண்டியைத் திருத்திக் கொடுத்தவர்தான் நிஸாம் நானா. மூலையை வெட்டி, வளைத்து, அதன் மேல் ரப்பர் சுற்றிக் கொடுத்தார். வைத்தியசாலை வேலையை விட்டதும் அவருடைய பட்டறைக்கே வந்துவிட்டேன். நான் மூன்று தரம் கீறிப் பார்க்கிறவள். அவர் நான் கீறி முடிக்கும் முன்பே குழாயை வெட்டிவிடுகிறவர். எப்படியோ இத்தனை வருடம் ஓடிவிட்டது.

நீட்டிய கம்புகள்

அடுத்த ஞாயிறு நானும் நானாவும் புவனாவின் வீட்டுக்குப் போனோம். நூல் சொல்லாத அளவுகளும் இருக்கின்றன அல்லவா. நானும் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவள்தான். லயத்து வாசலில் எப்படிக் குனிய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் போனேன். அந்த நினைப்பு எனக்குச் செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

முன்னறையில் சாமி படங்களுக்கு முன்னால் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு உள்ளறைக்குப் போனேன். புவனாவின் அப்பா சந்தனம் அண்ணன், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சவரம் செய்து சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தேயிலைக் கொழுந்து காயவைக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். நெஞ்சு எதனால் போனதென்று கேட்டால், “தூசியோ பீடியோ, ரெண்டும் சேர்ந்துதான் தின்னுச்சு” என்று சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது. பக்கத்தில் கால் முளைத்த சின்ன அலுமாரி உயரத்தில் அந்த இயந்திரம் புஸ் புஸ் என்று இரைந்துகொண்டிருந்தது.

அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் மூன்று மொழியிலும் எழுதி, நெருப்புப் படத்தைக் குறுக்கே வெட்டியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம். அவருடைய மனைவி லெட்சுமி அக்கா சமையலையே பக்கத்து வீட்டு அடுப்புக்கு மாற்றிவிட்டார். பீடியோடு யாராவது எட்டிப் பார்த்தால் வாசலிலேயே விரட்டுகிறார். அதைப் பார்த்து நானும் மெச்சினேன்.

வண்டிக்கு வருவோம். மேலே கதிரை, கீழே இயந்திரம், பின்னால் பெட்டரி. காற்று இழுக்கிற பக்கத்தை எதுவும் மூடக்கூடாது. குழாயை யாரும் மிதிக்கக்கூடாது. லயத்திலிருந்து மண்டபத்துக்கு நாற்பத்திரண்டு படி. படியில் சில்லு உதவாது, தூக்கத்தான் வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் நீளமாகக் கம்பு வைத்து, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்குகிற மாதிரி கீறியிருந்தேன். பாரம் சமமாகப் பகிரும். படத்தை விரித்துக் காட்டினேன்.

லெட்சுமி அக்கா தேத்தண்ணீர் போடுவதாகச் சொல்லி எழுந்து போனவர், வரவேயில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமினார். “நல்லாத்தாங்க இருக்கு. வேற மாதிரியும் செய்யலாங்களா?”

“ஏன், இதில் என்ன குறை?” என்று நான் விடாப்பிடியாக நின்றேன். கம்பின் நீளத்துக்குக் காரணம் சொன்னேன். பாரக் கணக்குச் சொன்னேன். கடைசியில் சந்தனம் அண்ணனே வாய் திறந்தார்.

“மிஸ், இதுல என்னைய ஏத்தி நாலு பேரு தோள்ல வச்சா, கல்யாணத்துக்குப் போறேனா, மத்ததுக்குப் போறேனான்னு ஊர்ல கேப்பாங்க.”

கீறியிருந்தது பாடை. அசல் பாடை. இரண்டு நாள் உட்கார்ந்து, அளவு பிசகாமல் நான் கீறியிருந்தேன். தாளைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தபோது, நல்லவேளை, சந்தனம் அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். லெட்சுமி அக்காவும் தேத்தண்ணீரோடு வந்தார்.

கம்பை எடுத்துவிட்டு, முழங்கால் உயரத்தில் மடக்குக் கைப்பிடிகளும் வார்ப்பட்டிகளும் வைத்தோம். மாடிக்கு அலுமாரி ஏற்றுகிற மாதிரி கீழே பிடித்துத் தூக்கலாம். கல்லுப் பாதைக்குப் பின்னால் பெரிய காற்றுச் சில்லு இரண்டு. தூறலுக்குக் குடை செருகும் குழாய் ஒன்று. என்ன நிறம் என்று நானா கேட்டதற்கு, “வெள்ளை மட்டும் வேணாம்” என்றாள் புவனா. மயில் நீலம் அடித்தார்.

நானா கேட்டது

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஒத்திகை வைத்தோம். சந்தனம் அண்ணனை வண்டியில் உட்காரவைத்து ஆறு பேர் சேர்ந்து படியேற்றினார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவர் வெளியே வருகிறார். மலையைப் பார்ப்பதா, ஆட்களைப் பார்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் ஆட்கள் நின்று, “என்னண்ணே, ராஜா மாதிரி போறீங்க” என்று சீண்டினார்கள். “பின்ன என்னடா, உன்னைய மாதிரி நடந்தா போவாங்க?” என்று அவரும் விடவில்லை. வண்டி ஒரு இடத்திலும் முனகவில்லை. நான் உள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மண்டபத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணவறை தயார். நானா அதன் முன்னால் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். மணமக்களின் இருக்கைக்கு முன்னால் செங்கல் அடுக்கி, மணல் பரப்பியிருந்த சதுரத்தைக் காட்டினார்.

“தங்கச்சி, இதுக்குள்ள என்ன வைக்கிற?”

“ஹோமம் வளர்ப்பது நானா.”

“அப்ப நெருப்பு.”

“ஆமா.”

“பொண்ணுட வாப்பா எங்க உக்காருவார்?”

கையை நீட்டிக் காட்டினேன். செங்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

நானா காஸ் வெல்டிங்கில் வளர்ந்தவர். ஒட்சிசன் சிலிண்டரைத் தொடும் முன் கையில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பார்ப்பார். அது இருக்கும் இடத்தில் சின்னப் பொறியும் பெரிய தீயாகும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. “மூக்கால போறதெல்லாம் உள்ளுக்குப் போறல்ல தங்கச்சி. சட்டையில, முடியில எல்லாம் நிக்கும். நெய் வேற ஊத்துவாங்கதானே?” என்றார் மெதுவாக. யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று.

வாசலின் அகலம் பார்த்தேன், படியின் உயரம் பார்த்தேன், பெட்டரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று பார்த்தேன். எங்கள் கல்யாணத்தில் எத்தனை இடத்தில் நெருப்பு எரிகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஹோமம், குத்துவிளக்கு, கற்பூரம், ஆராத்தி, ஊதுபத்தி. வீட்டிலும் அந்தத் தாளை மனப்பாடம் செய்த அத்தனை பேரும் முன்னறையில் தினமும் விளக்கு ஏற்றினார்கள். நானும் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தானே உள்ளே போனேன். பீடி நெருப்பு, அடுப்பு நெருப்பு. விளக்கை எங்களில் யாரும் நெருப்பென்று நினைப்பதில்லை. அது சாமி. வெளியாள் ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

புவனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். படியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப சித்தப்பாதானா?” என்று மட்டும் கேட்டாள்.

சந்தனம் அண்ணன் காதுக்கும் விஷயம் போய்விட்டது. “அஞ்சு நிமிசம் கழட்டி வச்சிட்டு உக்காந்துக்கிறேன், செத்தா போயிருவேன்?” என்றார். கிளினிக் தாதிக்குப் போன் எடுத்தோம். கழற்றவே கூடாது, கழற்றினாலும் அந்தச் சட்டையோடு நெருப்பிடம் போகக்கூடாது, பத்தடி தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பிறகு குருக்களுக்கு எடுத்தேன். மாத்தளையில் கோயில் பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. “அக்கினி இல்லாமல் எப்பிடியம்மா?” என்றார். பிறகு, “பொறுங்கோ, யோசிச்சுப்போட்டு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டார். அந்த அரை மணி நேரமும் யாரும் வாழைமரம் கட்டவில்லை.

போன் வந்தது. “எங்கட அப்பாவும் குருக்கள்தான், அவரோடையும் கதைச்சனான். தாரை வார்க்கிறதை முதல்ல செய்வம். வாசலடியில வைச்சுச் செய்வம், சூரியன் சாட்சி. தகப்பனார் வெளியில போன பிறகு அக்கினி வளர்க்கிறன். குறை ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ.”

சித்தப்பா மண்டபத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார். அண்ணன் வந்து போகிற வரைக்கும் மண்டபத்துக்குள்ளே நெருப்பு ஏற்றக்கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டு விளக்கையும் அன்று முற்றத்துக்கு மாற்றினோம். நான் நிம்மதியாகப் படுத்தேன்.

பத்தடி

காலையில் நல்ல பனிமூட்டம். முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே வண்டி புறப்பட்டது. சந்தனம் அண்ணனுக்குப் பட்டு வேட்டி, தலையில் உருமால். நாற்பத்திரண்டு படியும் ஏறி வாசலுக்கு வந்தோம். முன்னால் போன நானா சட்டென்று திரும்பி வண்டியில் கைவைத்து நிறுத்தினார்.

மணவறையின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஐந்து முகமும் ஏற்றி, பத்துத் திரியும் எரிகிறது. குருக்கள் தாரை வார்க்கப் பாய் விரித்து, இனி நகர்த்தக்கூடாத கும்பத்தையும் வைத்திருந்த வாசலடி அதற்கு ஆறடிகூட இல்லை.

விடிய வந்திறங்கிய புவனாவின் அத்தை, சந்தனம் அண்ணனின் கூடப்பிறந்த அக்கா, கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி பூரிப்போடு நின்றார். நான் விளக்கைக் காட்டியதும் அவருக்கு விளங்கவில்லை. “நெருப்பு ஏத்தக்கூடாதுன்னாங்க, ஏத்தலியே. இது விளக்கு” என்றார்.

விளக்கின் பாரம் அப்படி. அதைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது, எண்ணெய் சிந்தும். அணைக்கத்தான் வேண்டும். கல்யாண மண்டபத்தில் எரிகிற விளக்கை அணைப்பதா? அந்தச் சொல்லையே நாங்கள் சொல்வதில்லை, குளிர வைப்பது என்போம். மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. ஒருவரும் அசையவில்லை. சித்தப்பா குருக்களைப் பார்த்தார். குருக்கள் கும்பத்தைப் பார்த்தார். லெட்சுமி அக்கா இரண்டு எட்டு வைத்தார், நின்றுவிட்டார். “நான் கை வைச்சாச் சரியில்ல தங்கச்சி” என்று நானா முணுமுணுத்தார்.

எனக்கு வாய் பெரிது என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அன்று அந்த வாய் திறக்கவில்லை. கணவரை இழந்தவள் நான். மணவறையில் என் கை பட்டால் நாளைக்கு எது நடந்தாலும் அதைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

“என்னையத் திருப்புங்க” என்றார் சந்தனம் அண்ணன். “தம்பி செய்யட்டும். நான் வெளியில இருந்து பார்த்துக்கிறேன்.” குரலில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களை நான் பார்த்தேன். தூக்கி வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். திருப்பச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் அலங்கார அறையின் கதவு திறந்தது. புவனா கூறைச்சேலையோடு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பூத்தட்டில் இருந்து ஒரு செவ்வந்தியை எடுத்தாள். விளக்கின் முன்னால் நின்று ஒரு தடவை கும்பிட்டாள். பிறகு பூவால் முதல் திரியை எண்ணெய்க்குள் அமர்த்தினாள்.

“அடியே, என்னடி செய்ற? நீ கல்யாணப் பொண்ணுடி” என்று அத்தை அவள் கையைப் பிடித்தார்.

“விளக்கைத் திரும்ப ஏத்திக்கலாம் அத்தை.”

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தை கையை விட்டுவிட்டார். பத்துத் திரியையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் அமர்த்தினாள். நானா ஓடிப்போய் யன்னல்களைத் திறந்தார். ஒவ்வொரு திரியாகக் குனிந்து பார்த்து, புகை போகிற வரைக்கும் கையைக் காட்டி எங்களை நிறுத்தி வைத்தார். பிறகு தலையாட்டினார். வண்டி உள்ளே போனது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நான் மட்டுமில்லை.

வாசலடியில் வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது. பனிக்குள்ளே சூரியன் எங்கே என்று நான் தேடினேன். குருக்கள் தேடவில்லை, கிழக்கே பார்த்து மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். சந்தனம் அண்ணன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். கீழே தன் வலக்கையை வைத்து இரண்டையும் தாங்கிக்கொண்டார். லெட்சுமி அக்கா செம்பிலிருந்து தண்ணீரை வார்த்தார். மேளம் நின்றிருந்த அந்த நேரத்தில் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. சந்தனம் அண்ணன் சொல்ல வேண்டிய முன்னோர் பெயர்களையெல்லாம் இரண்டு இரண்டு சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். குருக்கள் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார்.

முடிந்ததும் வண்டியை முற்றத்துக்கு எடுத்து, வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம். பத்தடிக்குப் பதிலாக இருபதடி. நானாவே எட்டு வைத்து அளந்தார். உள்ளே அத்தை இரண்டு விளக்கையும் மறுபடி ஏற்றினார். ஹோமம் எரிந்தது. கெட்டிமேளம் கேட்டதும் சந்தனம் அண்ணன் இடக்கையால் அட்சதையை எறிந்தார். அது படி வரைக்கும்தான் போனது.

லெட்சுமி அக்கா துவாயோடு வெளியே வந்தார். புருசனின் வலக்கை முழங்காலில் மல்லாந்து கிடந்தது. தாரை வார்த்த தண்ணீரின் ஈரம் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

“கையைக் குடுங்க, தொடைக்கிறேன். குளிருது, ஆகாது உங்களுக்கு.”

அவர் கையை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

“இருக்கட்டும் புள்ள. தானா காயட்டும்.”